அத்தி தன் பூவை மறைத்துக்கொண்ட கதை

மரங்களும் பூச்சிகளும் ஒன்றோடொன்று பேசிக்கொண்டிருந்த அந்தக் காலத்தில், காட்டாற்றங்கரை அத்தியைப் போலப் பூத்த மரம் வேறில்லை. கிளைகொள்ளாமல் சிவந்த பூ. மான்கள் மேய்ச்சலை விட்டு அண்ணாந்து பார்க்கும். ஓர் இதழ் வாடினாலும் அத்திக்கு அன்றைய பொழுது கெட்டுவிடும்.

ஓர் ஆடி மாதம் மழை விடாமல் பிடித்துக்கொண்டது. ஒரு சாயங்காலம், எள்ளைவிடச் சிறிய குளவி ஒன்று நனைந்த இறகோடு வந்து பூவின் விளிம்பைப் பற்றிக்கொண்டது.

“முட்டையிடும் நேரம், அம்மா. மழை விடும்வரை உள்ளே இருந்துகொள்ளட்டுமா?”

அத்தி அதன் கால்களைப் பார்த்தது. எல்லாம் சேறு.

“நாளைக் காலை யானைக் கூட்டம் என்னைப் பார்க்க வருகிறது. பூவெல்லாம் கறையாகிவிடும். பக்கத்தில் மருது நிற்கிறதே, அங்கே போ.”

“மருது இப்போது பூக்கவில்லையே, அம்மா.”

அத்தி கிளையை உதறியது. லேசாகத்தான் உதறியது. குளவி மழைக்குள் விழுந்தது.

காலையில் மழை வெறித்து வானம் தெளிந்தது. யானைகள் வந்து, நெடுநேரம் நின்று பார்த்துப் புகழ்ந்துவிட்டுப் போயின. அவை போனபின் இன்னொரு குளவி வந்தது.

“என் அக்கா நேற்று இந்தப் பக்கம் வந்தாளா, அம்மா? நிறைசூலி. உன் பூவைத் தேடித்தான் கிளம்பினாள்.”

அக்கா அத்தியின் வேரடியிலேயே கிடந்தாள், இறகு சேற்றில் ஒட்டியபடி. அத்தி ஓர் இலையை உதிர்த்து அந்த உடலை மூடியது.

“இல்லை. இங்கே யாரும் வரவில்லை” என்றது.

மருது எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தது. ஒரு வார்த்தை பேசவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது அத்திக்கு.

தங்கைக் குளவி மூன்று நாள் ஆற்றங்கரை முழுக்க அக்காவைக் கூப்பிட்டுக்கொண்டே திரிந்தது. அதே மூன்று நாளும் மான்கள் வந்தன, மயில்கள் வந்தன, பூவைப் பார்த்து வாய் ஓயாமல் புகழ்ந்தன. ஒவ்வொரு புகழ்ச்சிக்கும் அத்தியின் உடம்பெல்லாம் கூசியது. எந்தப் பூவுக்காக அவளை உதறியதோ, அந்தப் பூவையே அதனால் பார்க்க முடியவில்லை.

நான்காம் நாள் மறுபடியும் மேகம் கறுத்தது. அத்தி தங்கையைக் கூப்பிட்டது.

“உன் அக்கா வந்தாள். இடம் கேட்டாள். நான்தான் உதறித் தள்ளினேன். பிறகு உன்னிடம் பொய்யும் சொன்னேன். அந்த இலைக்கு அடியில் பார்.”

குளவி பார்த்தது. அக்காவின் இறகில் ஒட்டிய சேற்றைத் துடைத்துக்கொண்டிருந்தது. முதல் துளி விழுந்தபோதுதான் பேசியது.

“நானும் முட்டை சுமக்கிறேன். உன்னை என்னால் மன்னிக்க முடியாது. ஆனால் எனக்கும் போக வேறு இடமில்லை.”

அத்தி தன் பூக்களையெல்லாம் உள்பக்கமாக மடித்தது. ஒவ்வொன்றையும் பச்சைக் காயாக இறுக்கி மூடி, நுனியில் குளவி நுழையும் அளவுக்கு மட்டும் ஒரு துளை விட்டது. தங்கை உள்ளே போனாள்.

மழை விட்டதும் வந்த மான்கள், பூ எங்கே என்று கேட்டன. அத்தி தலை நிமிரவில்லை.

அன்று மடித்த பூவை அது பிறகு விரிக்கவே இல்லை. இன்றும் அத்தி காய்க்குள்ளேதான் பூக்கிறது; அந்தப் பூவை உயிரோடு பார்ப்பது, துளை வழியே நுழையும் அந்தச் சின்னக் குளவி மட்டும்தான்.