அன்னபாக்கியம் லாரி ஏறின கதை

ஒரு ஊர்ல ஒரு கோவக்காரி இருந்தா. கோவில்பட்டிக்காரி, பேரு அன்னபாக்கியம், வயசு எழுபதுக்கு மேல. கோவம் அவளுக்கு மூக்கு நுனியிலயே உக்காந்திருக்கும். தலகாணியைக் கட்டிக்கோ, சொல்றேன். ஆனா நீ ம் கொட்டணும்.

அவ மகன் என்ன பண்ணினான், வயசானவங்களை மட்டும் மலைக்கும் ஏரிக்கும் கூட்டிட்டுப் போற டூர் பஸ்ல அவளை ஏத்தி விட்டுட்டான். பஸ்ஸு கிர்ர்ர் கிர்ர்ர்னு வளைஞ்சு வளைஞ்சு நீலகிரி மலை ஏறுச்சு. அப்புறம் தங்குற ரூம்ல இவளுக்கு ஜோடி யாருன்னா, சாத்தூர் குருவம்மா. அவ விடுற குறட்டை இருக்கே... கொர்ர்ர் புஸ்ஸு! கொர்ர்ர் புஸ்ஸு! விடிஞ்சா, பாத்ரூமுக்குள்ள போனவ வெளிய வரமாட்டா. "ஏ குருவம்மா, உள்ள குடித்தனமா நடத்துற?"ன்னு இவ கதவை டம்டம்னு தட்டுவா. "முட்டி வலிக்கிறவளுக்குத்தான் தெரியும், வாயை மூடு"ன்னு அவ உள்ளருந்து கத்துவா. பஸ்லயும் பக்கத்து பக்கத்து சீட்டு. ஓயாத சண்டை.

ம் சொல்லு.

அப்போ ஒரு நாள் சாயங்காலம், மலை உச்சியில வண்டி நின்னுச்சு. பள்ளத்தாக்கைப் பாக்கலாம்னு இறங்கினா, பள்ளத்தாக்கையே காணோம், ஒரே மூடுபனி. கூட்டிட்டு வந்த கைடு ஜெயசீலன், "ஏறுங்க ஏறுங்க, ஏரியில போட் சவாரியை நிறுத்திருவாங்க"ன்னு கையைத் தட்டி, கோழியை அடைக்கிற மாதிரி எல்லாரையும் உள்ள தள்ளினான். வண்டி விருட்டுனு கிளம்பிருச்சு. அன்னபாக்கியம் குருவம்மா மூஞ்சியில முழிக்கக் கூடாதுன்னு ஜன்னல் பக்கமே பாத்துக்கிட்டு வந்தா. ரெண்டு மூணு வளைவு தாண்டி, "காலைத் தள்ளி வை"ன்னு திரும்பினா... சீட்டு காலி. குருவம்மாவோட சால்வையும் போனும் மட்டும் கிடக்கு.

"தம்பி, குருவம்மா ஏறலை! வண்டியைத் திருப்பு!"

ஜெயசீலன் வாட்சைப் பாத்தான். "கக்கூஸ் போயிருப்பாங்க. அங்கேயே இருக்கட்டும் பாட்டிம்மா. போட் முடிச்சுட்டு வந்து கூட்டிக்கலாம்."

அவளுக்குச் சுர்ருனு ஏறுச்சு. டிரைவர்கிட்ட போனா. "நீயாவது திருப்புப்பா."

"அவரு சொன்னாத்தாம்மா."

அப்புறம் பஸ்ல இருந்தவங்க பக்கம் திரும்பினா. "என்ன எல்லாரும் பேசாம இருக்கீங்க?"

வெள்ளைச் சட்டைக்காரர் ஒருத்தர், "போட்ல போகத்தானே இம்புட்டு தூரம் வந்தோம்"னாரு. பின்னாடி ஒருத்தி, "அவகூட நீதானே சண்டை போட்டுக்கிட்டே இருந்த? இப்ப என்ன?"ன்னா.

அவ்வளவுதான். "சண்டை எனக்கும் அவளுக்கும்! மலையில விட்டுட்டுப் போறது நீங்க! உங்க எல்லாருக்கும் அதே முட்டிதான், அதே மூத்திரம்தான். நாளைக்கு உன்னை விட்டுட்டுப் போனா அப்பவும் போட்தான் பெருசா?"

வெள்ளைச் சட்டைக்காரர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கிட்டாரு.

அப்போ எதிர்ல ஒரு லாரி, கீழ சந்தையில கேரட்டை இறக்கிட்டு வெறும் வண்டியா தடதடன்னு ஏறி வருது. வழி விட பஸ் நின்னுச்சு. இவ சால்வையை அள்ளிக்கிட்டு, கதவைத் திறந்து, தொபுக்குனு இறங்கி, ரோட்டு நடுவுல நின்னுட்டா. லாரி க்ரீச்!

"எங்கம்மா போகணும்?"

"மேல. ஒரு பொம்பளையை மலையில விட்டுட்டு வந்துட்டானுக."

லாரிக்காரன் வேற எதுவும் கேக்கலை. கையைக் கொடுத்துத் தூக்கிவிட்டான்.

தூங்கிட்டியா? ம்... சரி.

மேல போனா, கடை எல்லாம் சாத்திட்டாங்க. பஸ் நின்ன அதே இடத்துல, பனிக்குள்ள, பல்லு கடகடன்னு அடிக்க நின்னுக்கிட்டு இருக்கா குருவம்மா.

"எங்கடி போனீங்க எல்லாரும்? கக்கூஸ் போயிட்டு வந்தா வண்டியைக் காணோம்!"

"உக்கார வேண்டியதுதானே? முட்டி வலின்னுட்டு நிக்கிற!"

"நகர்ந்தா நீங்க வந்து தேடுவீங்களேன்னு நின்னேன்."

அன்னபாக்கியத்துக்கு அழுகை வரலை, கோவம்தான் இன்னும் வந்துச்சு. சால்வையை அவ மேல சுத்தி இறுக்கிக் கட்டினா.

கொஞ்ச நேரத்துல பாம் பாம்னு பஸ் திரும்பி வந்துச்சு. ஜெயசீலன் இறங்கினான். "உங்களால எல்லாருக்கும் போட் போச்சு பாட்டிம்மா."

"என்னாலயா? இவளை விட்டுட்டுப் போகலாம்னு யாரு சொன்னது? இவ மூஞ்சியைப் பாத்துச் சொல்லு. சொல்ற வரைக்கும் ஏறமாட்டேன்."

அவன் தரையைப் பாத்தான். டிரைவர் இன்ஜினை அணைச்சுட்டான்.

"நான்தாம்மா சொன்னேன்... மன்னிச்சுக்கோங்க."

"மாட்டேன்"னா குருவம்மா. சொல்லிட்டு, கம்பியைப் பிடிச்சு மெதுவா மெதுவா படி ஏறினா. உள்ள வெள்ளைச் சட்டைக்காரர் ஒரு ஆரஞ்சுப் பழத்தை நீட்டினாரு. ரெண்டு பேரும் வாங்கலை.

என்னது? அப்புறம் ரெண்டு பேரும் ராசியாயிட்டாங்களான்னா கேக்குற? இல்லவே இல்ல. உக்காந்ததும், "தள்ளி உக்காரு"ன்னு ஆரம்பிச்சாச்சு. ஆனா அதுக்கப்புறம் ஜெயசீலன் "போலாம்"னு எத்தனை தடவை கத்தினாலும், டிரைவர் குருவம்மா சீட்டை ஒரு தடவை திரும்பிப் பாத்துட்டுத்தான் சாவியைத் திருகுவான்.

கதை மலையை விட்டு இறங்கிருச்சு. நீயும் கண்ணை மூடு.