பொன் கத்தியில் ஒட்டிய பூண்டு

முன்னொரு காலத்திலே, ஆற்றின் இரு கரையிலும் கண்ணுக்கெட்டிய தூரம் வாழையாகவே நின்ற பூங்கரை நாட்டைச் செண்பகமாறன் என்று ஒரு ராஜா ஆண்டுவந்தான். நல்ல மனுஷன்தான். ஆனால் பிடிவாதக்காரன். அன்று காலையில் அறுத்த தலைவாழை இலையில்தான் சாப்பிடுவான். அவனோடு பந்தியில் உட்காரும் முந்நூறு பேருக்கும் அதே இலைதான்.

இலை அறுக்கவென்றே அரண்மனையில் ஒரு பொன் கத்தி இருந்தது. அதைப் பிடிக்கும் மரியாதை மருதவாணர் என்ற பிரபுவுக்கு. தினமும் மேளம் முன்னால் போக, பட்டு உடுத்தித் தோப்புக்குள் நுழைந்து, மரம் மரமாக அறுத்துக்கொண்டே போவார். கத்தியைக் கழுவவோ துடைக்கவோ மாட்டார். "பொன்னில் எதுவும் ஒட்டாது. கழுவுவது பொன்னுக்கு அவமானம்" என்பார். ராஜாவும் தலையை ஆட்டிவிட்டான்.

தோப்பைப் பார்த்துக்கொண்டவள் பூவாயி. வேலி ஓரத்துக் குடிசைதான் அவளுக்கும் அவளுடைய இரண்டு பெண்களுக்கும் வீடு. ஒருநாள் பந்தியில் ராஜா, "இலை அறுத்தவரை விட வளர்த்தவள் கெட்டிக்காரி" என்று சொல்லிவிட்டான். அன்றிலிருந்து மருதவாணருக்கு அவளைக் கண்டால் ஆகாது.

அந்த வருஷம் வாழைக்கு என்னவோ வந்தது. குருத்து வாடித் தொங்கியது. இலை மஞ்சளாகி மடிந்தது. தார் வெளியே பச்சையாக இருக்கும், காயை நறுக்கினால் உள்ளே கருத்திருக்கும். ஆடிக்குள் பாதித் தோப்பு போய்விட்டது. பந்தியில் வெள்ளித் தட்டு வந்தது.

"இந்தத் தட்டில் ரசம் எந்தப் பக்கம் ஓடுகிறதென்றே தெரியவில்லை" என்று ராஜா சோற்றைத் தள்ளி வைத்தான்.

வாணர் இதற்குத்தான் காத்திருந்தார். "மகாராஜா, தோப்புக்காரி ஏதோ செய்வினை வைத்திருக்கிறாள். இலையில் கரும்புள்ளி விழுந்ததை நானே பார்த்தேன்."

பசியில் இருந்த ராஜா யோசிக்கவில்லை. "நாளைப் பொழுது சாய்வதற்குள் அவள் பெண்களோடு ஆற்றைத் தாண்டிப் போய்விட வேண்டும்" என்று சொல்லிவிட்டான்.

பூவாயி அழுதுகொண்டு உட்காரவில்லை. விடிந்ததும் தோப்பை ஒரு சுற்று சுற்றினாள். மேளம் போகிற பாதையில் இருந்த மரமெல்லாம் சாய்ந்து கிடந்தன. வேலி ஓரத்து மரங்கள் காற்றில் கிழிந்த இலையோடு பச்சையாக நின்றன. கிழிந்த இலை பந்திக்கு ஆகாதென்று வாணர் அந்தப் பக்கமே வருவதில்லை. அவள் விழுந்த மரம் ஒன்றை வெட்டிப் பார்த்தாள். வெட்டிய இடத்தில் வெளிறின மஞ்சளாக, சீழ் மாதிரி என்னவோ கசிந்து விரலில் ஒட்டியது. வெட்டிய அரிவாளிலும் அதுவே ஒட்டியிருந்ததைப் பார்த்தாள்.

சாயங்காலம் அவள் போவதைப் பார்க்க ராஜா, பொன் கத்தி ஏந்திய வாணரோடும் பரிவாரத்தோடும் வந்தான். பூவாயி கும்பிட்டாள். "போறதுக்கு முன்னால ஒரே ஒரு ஆசை சாமி. வேலி ஓரத்துல ஒரு தார் பழுத்திருக்கு. அதுல ஒரு பழம் மகாராஜா சாப்பிடணும். வாணர் ஐயா பொன் கத்தியாலேயே நறுக்கித் தரணும்."

"இது ஒரு ஆசையா? நறுக்கும் வாணரே."

"அதுக்கு முன்னாடி இந்தப் பூண்டையும் அதே கத்தியால நறுக்கிக் குடுங்கய்யா. வழியில எம்புள்ளைக்கு வயிறு வலிச்சா ஆகும்."

வாணர் முகம் சுளித்தபடி நாலு பல் பூண்டை நறுக்கினார். பழத்தை எடுத்தவர், கத்தியை மேல்துண்டில் துடைக்கப் போனார்.

"ஏன்யா துடைக்கிறீங்க? பொன்னுலதான் எதுவும் ஒட்டாதே."

வாணரின் கை அப்படியே நின்றது. துடைத்தால் இத்தனை வருஷம் சொன்னது பொய்யாகும். ராஜா வேறு பார்த்துக்கொண்டிருந்தான். துடைக்காமலே பழத்தை நறுக்கி நீட்டினார். ராஜா ஒரு துண்டை வாயில் போட்டான். மென்றான். முகம் கோணியது. பக்கத்தில் இருந்தவர்கள் விலக, துப்பினான்.

"பழத்தில் பூண்டு நாறுகிறது."

"கத்தி பளபளன்னுதானே சாமி இருக்கு? கண்ணுக்கு ஒண்ணும் தெரியல. ஆனா பூண்டு கத்தியேறிப் பழத்துக்கு வந்துடுச்சு. நோயும் அப்படித்தான் மரத்துக்கு மரம் வந்திருக்கு."

"கரும்புள்ளி?" என்றார் வாணர் மெதுவாக.

"அது பூஞ்சணம் ஐயா. ஈரம் நின்னா இலையில படரும். இலையைக் கழிச்சு எரிச்சா அடங்கும். இது வேற. மரத்துக்குள்ள சாறோட ஓடுற நோய்."

"பூண்டு நாறுவதால் நோய் ஒட்டும் என்று ஆகிவிடுமா, மகாராஜா?"

"ஐயா கேக்கறது நியாயம்தான். வேலி ஓரத்துல பத்து மரம் நல்லா நிக்குது. அஞ்சுல நீங்க எப்பவும் போல மத்த மரத்தை அறுத்த கையோட அறுங்க. அஞ்சுல நான் என் இரும்பு அரிவாளை நெருப்புல காட்டி அறுக்கறேன். என் மரம் வாடினா, நான் ஆத்தைத் தாண்டிடறேன்."

ராஜா ஒப்புக்கொண்டான். ஒன்றரை மாதத்தில் வாணர் அறுத்த ஐந்தும் குருத்து தொங்கி நின்றன. பூவாயி அறுத்த ஐந்தும் புதுக் குருத்து விட்டிருந்தன.

ராஜா அந்தப் பத்து மரங்களையும் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தான். "பசியில் தீர்ப்புச் சொல்லிவிட்டேன், பூவாயி. தோப்பும் குடிசையும் இனி உனக்கே. இந்தா, பொன் கத்தியும் உனக்குத்தான்."

"பொன்னு நெருப்புல காட்டக் காட்ட வளைஞ்சுடும் சாமி. எனக்கு இரும்பே போதும். ஆனா மரத்துக்கு மரம் நெருப்புச் சட்டியைத் தூக்கிட்டு வர ஒரு ஆள் வேணும்."

ராஜா சிரிக்காமலே திரும்பிப் பார்த்தான். "வாணரே, மரியாதைக்குரிய வேலைதான். ஒரு வருஷம் செய்யும். மேளம் வேண்டாம்."

பல்லக்கு ஏறி ராஜா போனான். பரிவாரமும் போனது. பூவாயி அரிவாளோடு அடுத்த வரிசைக்கு நடந்தாள். பட்டு வேட்டியை முழங்காலுக்கு மேல் வரிந்து கட்டிக்கொண்டு, சட்டியைக் கைக்கெட்டிய தூரத்தில் தள்ளிப் பிடித்து, நெருப்புக் கங்குகளை ஊதி ஊதி இருமியபடி வாணரும் அவள் பின்னாலேயே வாழைகளுக்குள் போனார்.