விழுங்காத புழு

“இங்க என்னை ஏத்துக்கிட்டது அந்தக் குருவி ஒண்ணுதாம்மா. நீங்க எப்ப சீடனா ஏத்துக்கப் போறீங்க? இன்னைக்கு முடிவு சொல்லலேன்னா சாயங்கால பஸ்ஸுக்குப் போயிருவேன்.”

கேட்டவர் நாகலிங்கம், ஓய்வுபெற்ற தாசில்தார். குருவின் குடில் கொல்லையில், அத்திக் கன்றை ஒட்டி முக்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். குரு உலகம்மை அவரைவிடப் பத்து வயது இளையவர்.

வேலிக் கம்பியில் குருவி கத்திக்கொண்டிருந்தது. ஓயவேயில்லை.

“அது என்ன குருவி அண்ணாச்சி?”

“தையல்சிட்டு. பச்சை முதுகு, செம்பட்டைத் தலை, தூக்கின வால். புத்தகத்தைப் பார்த்து உறுதி பண்ணிட்டேன். நான் வந்து உட்கார்ந்தா போதும், பறந்து வந்து பாட ஆரம்பிச்சிரும்.”

“எப்ப உட்கார்ந்தீங்க?”

“விடிஞ்சதும். எந்திரிக்க மனசில்ல. எங்க வீட்டுல நான் நுழைஞ்சா பேச்சு நின்னுரும். பிள்ளைக ஆளுக்கொரு அறைக்குப் போயிருவாக. இது மட்டுந்தான்...”

“அது வாயில என்ன?”

நாகலிங்கம் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார்.

“புழு.”

“ஏன் முழுங்கலை?”

உச்சி வெயில் ஏறியிருந்தது.

உலகம்மையின் குரல் தாழ்ந்தது. “எந்திரிங்க. மெதுவா. அப்படியே பின்னால நடங்க.”

அவர் முக்காலியை விட்டு எழுந்தார். “பாம்பா?”

“பேசாதீங்க.”

கிணற்றடி வரை போனார். குருவி இன்னும் கத்தியது.

“இன்னும்.”

துவைகல்லைத் தாண்டினார். கால் கூசியது. எங்கே மிதிக்கிறோம் என்று தெரியவில்லை. கொல்லையின் மறுகோடி வேலி முதுகில் முட்டியது.

கத்தல் நின்றது.

இத்தனை நாளில் அந்தக் கொல்லை இப்படி அமைதியாக இருந்து அவர் கேட்டதில்லை.

சிட்டு அத்திக் கன்றுக்குள் பாய்ந்தது. அங்கே இரண்டு இலைகள் ஓரத்தோடு ஓரம் நூல் கோத்துத் தைத்தாற்போல் சேர்ந்திருந்தன. காலையெல்லாம் அவர் முழங்கை உரசிக்கொண்டிருந்த இலைகள். அதற்குள்ளிருந்து மெல்லிய கீச்சுக் குரல்கள் ஒன்றையொன்று முந்திக்கொண்டு வந்தன.

சிட்டு வெளியே வந்தது. அலகு காலி. அடுத்த புழுவுக்குப் பறந்தது.

உலகம்மை போய் முக்காலியை எடுத்து வந்து, அவர் நின்ற வேலியோரம் போட்டார்.

“பாம்பு?” என்றார் நாகலிங்கம்.

“குருவி பயந்த பாம்பு போயிட்டுது. உட்காருங்க.”