துரை ஏன் வாசலோடு திரும்பினார்

இன்னும் கொஞ்சம் ஒட்டி உட்காருங்கப்பா, இது கத்திச் சொல்கிற கதை இல்லை.

ஊட்டியில் வெள்ளைக்காரத் துரை ஒருத்தர் கட்டின பங்களா இப்போது ஓட்டல். செத்துப்போன துரை ராத்திரியானால் மாடி அறைக்கு வருவாராம். அதற்காகவே தேடிவந்து தங்குகிறவர்கள் உண்டு. அந்த அறையைக் கூட்டிப் படுக்கை விரிக்கிறவள் சிவனம்மா.

கோயமுத்தூர் மில் முதலாளி அரங்கநாயகம் வந்தார். "பேயாவது பிசாசாவது! பயம்னா எனக்கு என்னன்னே தெரியாது" என்று மீசையை முறுக்கிக்கொண்டு அங்கேயே படுத்தார். விடிந்ததும் கீழே வந்து, காப்பி குடித்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாருக்கும் கேட்கக் கத்தினார்.

"பேய் வரவேயில்லை! ஊரை ஏமாத்துறீங்களா?"

மேனேஜர் பழியைச் சிவனம்மா தலையில் போட்டார். "இவதாங்க துரை கதையெல்லாம் கட்டிவிடறவ."

"அப்படின்னா துரை வந்தான்னு இப்பவே காட்டட்டும். இல்லைன்னா இவளை வேலையை விட்டு அனுப்பு."

சிவனம்மா கையைக் கட்டிக்கொண்டு, "துரை வந்தாருங்க. பயந்துபோய் வாசலோட திரும்பிட்டாருங்க" என்றாள்.

முதலாளிக்கு முகமெல்லாம் பூரிப்பு. "கேட்டீங்களா! பேய்க்கே என்கிட்ட பயம். எதைப் பார்த்துப் பயந்தானாம், சொல்லு."

"சொல்றதென்னங்க, கொண்டாந்தே காட்டறேன்."

மாடிக்குப் போனாள். முதலாளியின் தலையணைக்கு அடியில் கிடந்ததையெல்லாம் டீத் தட்டில் அடுக்கி, எல்லாருக்கும் நடுவில் கொண்டுவந்து வைத்தாள். ஒற்றைச் செருப்பு, விளக்குமாறு, ஒரு கொத்து வேப்பிலை, விபூதிப் பொட்டலம்.

காப்பி குடித்தவர்களுக்குப் புரையேறியது. முதலாளி காரைக் கொண்டுவரச் சொன்னார்.

சிவனம்மா அத்தனையையும் அவர் பெட்டியில் பத்திரமாக வைத்து மூடி, "போற வழியில சுடுகாடு இருக்குதுங்க, கைக்கு எட்டற மாதிரி வெச்சுக்குங்க" என்று அவர் மடியிலேயே வைத்துவிட்டுக் கார் கதவைச் சாத்தினாள்.