இருபத்து மூன்று குறைகள்

பாலக்கரையில் டூவீலர் ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்கு மேல்மாடியில் ஒரு குரு இருந்தார். குரு என்றதும் தாடியைத் தேட வேண்டாம். ஜெசிந்தாவுக்கு வயது முப்பத்தெட்டு. பதிவான பாட்டுகளில் குரலையும் இசையையும் அளவாகச் சேர்த்து மிக்ஸிங் செய்து கொடுப்பது அவருக்குத் தொழில். சீடர் வைத்தியலிங்கத்துக்கு ஐம்பத்தேழு. டெலிபோன் ஆபீசில் விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு வந்தவர். குரு சீடரை ‘சார்’ என்பார். சீடர் குருவை ‘டீச்சர்’ என்பார். இரண்டு பேருக்கும் அதில் ஒரு சங்கடமும் இல்லை. பார்க்கிறவர்களுக்குத்தான் கொஞ்சம் இருந்தது.

மாதத்தில் இரண்டு ஞாயிறு, காலை பத்து மணிக்கு, அந்த மாடியில் பத்துப் பதினைந்து பேர் கூடுவார்கள். யாரையும் எதிர்பார்க்காமல் தாங்களே எழுதி, தாங்களே மெட்டுப் போட்டு, தாங்களே பாடிப் பதிவு செய்கிறவர்கள். ஒருவர் கொண்டுவந்த பாட்டை எல்லோரும் கேட்டு அபிப்பிராயம் சொல்ல வேண்டும். அங்கே இரண்டு சட்டம். ‘சூப்பர்’ என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளக் கூடாது. எத்தனையாவது நிமிஷம், எத்தனையாவது விநாடி என்று இடத்தைக் காட்டித்தான் பேச வேண்டும். இன்னொன்று, கேட்ட பாட்டை யாரும் காப்பி எடுத்து வைத்துக்கொள்ளக் கூடாது. சொந்தப் பாட்டை எவனாவது அடித்துக்கொண்டு போய்விடுவான் என்ற பயம் அவர்களுக்கு எப்போதும் உண்டு. பயப்படுவதிலும் நியாயம் இருந்தது.

வைத்தியலிங்கத்துக்குக் காது கூர்மை. அதை ஒப்புக்கொண்டே ஆக வேண்டும். முப்பது வருஷம் டெலிபோன் லைனில் எங்கே கரகரப்பு, எங்கே கசிவு என்று காதாலேயே கண்டுபிடித்த மனுஷர். அதனால்தான் ஒரு ஞாயிறன்று ஜெசிந்தா சொன்னார்.

“இந்தப் பாட்டுக்கு நான் ஒண்ணும் சொல்லப்போறதில்ல. நீங்களே எழுதிக் குடுங்க சார்.”

அது தங்கதுரையின் பாட்டு. தங்கதுரை கால் டாக்சி ஓட்டுகிறவர், நாற்பது தாண்டியவர். காரை ஓரமாக நிறுத்தி, கண்ணாடியை ஏற்றிவிட்டு, உள்ளேயே உட்கார்ந்து போனில் பாடிப் பதிவு செய்திருந்தார். அவருடைய மனைவி பவளம் மூன்று வருஷமாகக் குவைத்தில் வீட்டு வேலையில் இருக்கிறார். பாட்டு அவருக்குத்தான். ‘வாசல்லதான் நிக்கிறேன், வெளிய வா’ என்பது பல்லவி. நாள் பூராவும் கஸ்டமர்களிடம் போனில் சொல்கிற வார்த்தையையே பெண்டாட்டியிடம் சொல்கிற மாதிரி எழுதியிருந்தார். வாழ்க்கையில் அவர் போட்ட முதல் பாட்டு.

வைத்தியலிங்கம் வீட்டுக்குப் போய் ஹெட்போனை மாட்டிக்கொண்டு தங்கதுரை அனுப்பியிருந்த லிங்க்கில் அந்தப் பாட்டைப் பதினொரு தடவை கேட்டார். நோட்டில் மூன்று பக்கம் எழுதினார். இருபத்து மூன்று குறைகள், நிமிஷம் விநாடியோடு. அடுத்த கூட்டத்தில் ஒரு பிரதியைத் தங்கதுரை கையில் கொடுத்தபோது அவருக்கு மனசுக்குள் கொஞ்சம் கர்வம்கூட இருந்தது. இவ்வளவு மெனக்கெட்டு யார் எழுதித் தருவார்கள்?

தங்கதுரை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு, “ரொம்ப நன்றி சார்” என்றார்.

அதற்குப் பிறகு அவர் மூன்று கூட்டத்துக்கு வரவில்லை. பாட்டின் லிங்க்கை அழுத்தினால் ‘இங்கு எதுவும் இல்லை’ என்று வந்தது. வைத்தியலிங்கம் போன் செய்தார்.

“பாட்டை எடுத்துட்டேன் சார். நமக்கு இது சரிப்பட்டு வராது. புதுசா வாங்கின மைக்கையும் பரண்ல போட்டாச்சு. சவாரி இருக்கு சார், வெச்சிடறேன்.”

வைத்தியலிங்கத்துக்கு அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை. மறுநாள் காலையில் நோட்டை எடுத்துக்கொண்டு மாடியேறிவிட்டார்.

“டீச்சர், நான் எழுதினதுல என்ன தப்பு? நீங்களே பார்த்துச் சொல்லுங்க.”

ஜெசிந்தா மூன்று பக்கத்தையும் நிதானமாகப் படித்தார்.

“ஒண்ணும் தப்பில்ல சார். ஒவ்வொண்ணையும் இருந்த இடத்துல கரெக்டா பிடிச்சிருக்கீங்க.”

“அப்புறம் ஏன் அந்த மனுஷன் பாட்டே வேணாம்னு போயிட்டாரு?”

ஜெசிந்தா நோட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு போனை எடுத்தார்.

“தங்கதுரை அண்ணே, சத்திரம் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போகணும். வண்டி எடுத்துட்டு வர்றீங்களா?”

இருபது நிமிஷத்தில் வண்டி வந்தது. வைத்தியலிங்கத்தைப் பார்த்ததும் தங்கதுரை முகத்தை ரோட்டுப் பக்கம் திருப்பிக்கொண்டார். ஜெசிந்தா பின்னால் ஏறினார். வேறு வழியில்லாமல் வைத்தியலிங்கம் முன்சீட்டில் உட்கார்ந்தார். வண்டி இரண்டு சிக்னல் தாண்டியது.

“பாட்டு என்னண்ணே ஆச்சு?” என்று ஜெசிந்தாதான் கேட்டார்.

“சார் சொன்னதை எல்லாம் சரி பண்ணினேன் மேடம். ஒண்ணு விடல. ஃப்ரெண்டு ஒருத்தனோட ரூம்ல போய் உக்காந்து மூணு வாரம் பாடினேன். சுத்தமா வந்துச்சு.”

“அப்புறம்?”

“பழசைப் பவளத்துக்கு ஒருநாள் போன்லயே போட்டுக் காட்டியிருந்தேன். அழுதுட்டா. சரி, இப்ப இன்னும் நல்லா வந்திருக்குன்னு இதை அனுப்பினேன். கேட்டுட்டு, ‘நல்லாயிருக்குங்க, யாரு பாடினது?’ன்னா.”

வைத்தியலிங்கம் மடியில் இருந்த நோட்டைக் கவிழ்த்து வைத்தார்.  

“பழசு இருக்கில்ல?” என்றார் ஜெசிந்தா.

“எங்க மேடம். அதுக்கு மேலயேதான் புதுசைப் பதிஞ்சேன். நம்ம சட்டப்படி வேற யார்கிட்டயும் இருக்காது.”

“பாட்டு உங்களோடதுதானே. பழைய மாதிரியே திரும்பப் பாடிட்டாப் போச்சு.”

“பாடிப் பார்க்காமலா இருப்பேன்? அம்பது தடவை, நூறு தடவை சரியாவே பாடிப் பழகிட்டேன். இப்ப வாயைத் தொறந்தா சரியாத்தான் வருது. பழசு எப்படி இருந்துச்சுன்னே தெரியல.”

அந்தக் கடைசி வாக்கியத்தைச் சொல்லும்போது அவர் குரலில் கோபம் இல்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் வைத்தியலிங்கம் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருப்பார்.

“வண்டியை ஓரங்கட்டுங்கண்ணே” என்றார் ஜெசிந்தா.

ஒரு வேப்பமரத்து நிழலில் வண்டி நின்றது. தங்கதுரை வழக்கம்போல டபுள் இண்டிகேட்டரைப் போட்டுவிட்டார்.

“சார், அந்த நோட்டை எடுத்துப் படிங்க.”

வைத்தியலிங்கம் திடுக்கிட்டுத் திரும்பினார். “எதுக்கு டீச்சர்? நொந்துபோன மனுஷனை இன்னும் நோகடிக்கவா?”

“படிங்க.”

படித்தார். 

“ஒண்ணு. ஆரம்பத்துல இருந்து கடைசி வரைக்கும் பின்னால ‘டிக் டிக்’னு ஒரு சத்தம். எடுத்துடணும்.”

“இது சார்.” தங்கதுரை ஸ்டியரிங்குக்குப் பின்னால் மின்னிக்கொண்டிருந்த அம்புக்குறியைக் காட்டினார். “இண்டிகேட்டர். இதைத் தாளமா வெச்சுக்கிட்டுத்தான் பாடினேன்.”

“இருபத்திரண்டாவது விநாடி. பல்லவியை உரிய இடத்துல எடுக்காம, தாமதமா எடுக்கிறார்.”

“ஆமா. போன் போட்டா கஸ்டமர் உடனேவா எடுப்பாங்க? எடுக்கிற வரைக்கும் காத்திருந்துதானே ‘வாசல்லதான் நிக்கிறேன்’னு...”

தங்கதுரை நிறுத்தினார். இண்டிகேட்டரின் சத்தத்தை இரண்டு மூன்று தட்டு விட்டுவிட்டு, மெதுவாக அந்த வரியை எடுத்தார். எடுத்தவர் சட்டென்று வைத்தியலிங்கத்தைப் பார்த்தார்.

“சார், இப்படித்தான். இப்படித்தான் இருந்துச்சு! அடுத்தது என்ன?”

“முப்பத்தொண்ணாவது விநாடி. ‘வெளிய வா’ங்கிற இடத்துல குரல் உடையுது.”

“வெளியலயா, வாவுலயா?”

“வாவுல. வா பாதி, அப்புறம் காத்து.”

தங்கதுரை பாடிப் பார்த்தார். வைத்தியலிங்கம் தலையை ஆட்டினார். “இல்ல, இன்னும் கொஞ்சம் முன்னாலயே.” மறுபடி பாடினார். “ஆங், அதேதான்!” என்றார் வைத்தியலிங்கம். கத்தியே விட்டார்.

அதற்கப்புறம் இரண்டு பேரும் பின்னால் ஓர் ஆள் உட்கார்ந்திருப்பதையே மறந்துவிட்டார்கள். ஐந்தாவது குறை, மூச்சு வாங்குவது வெளியே கேட்கிறது. எட்டாவது, வார்த்தையை முடிக்காமல் முழுங்குகிறார். பன்னிரண்டாவது, யாரோ ஹாரன் அடிக்கிறார்கள், பாடகர் அது முடிகிறவரைக்கும் நிறுத்திவிட்டுத் தொடர்கிறார். ஒவ்வொன்றாக வைத்தியலிங்கம் படிக்கப் படிக்க, ஒவ்வொன்றாகத் தங்கதுரை அதைத் திரும்பக் கொண்டுவந்தார். ஹாரனுக்கு மட்டும் வெளியே போகிற ஒரு மினி பஸ் உதவி செய்தது. பன்னிரண்டு என்று படித்து முடிப்பதற்குள் அடித்துவிட்டுப் போனான், புண்ணியவான்.

“பதினேழு. ரெண்டாவது சரணம் முடிஞ்சதும் வர்ற கீபோர்டு பாட்டோட சுருதியில சேரல.”

தங்கதுரை கன்னத்தைச் சொறிந்தார்.

“சார், இதை விட்டுடலாம்.”

“ஏன்?”

“இது நெசமாவே தப்பு. ஆப்ல கைக்கு வந்ததை எடுத்து ஒட்டினது. அன்னைக்கே உறுத்துச்சு. நீங்களும் பிடிச்சிட்டீங்க.”

வைத்தியலிங்கம் பேனாவை எடுத்துப் பதினேழை அடித்துவிட்டு, பதினெட்டுக்குப் போனார். இருபத்து மூன்று வரைக்கும் போனார்கள். பிறகு தங்கதுரை போனை டாஷ்போர்டில் சாய்த்து வைத்து, கண்ணாடிகளை ஏற்றிவிட்டு, ஒரே மூச்சில் முழுப் பாட்டையும் பாடினார். இந்தத் தடவை வைத்தியலிங்கம் எதையும் குறித்துக்கொள்ளவில்லை. பாதியில் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்ததைப் போட்டுக்கொள்ளவில்லை.

பாட்டைப் பவளத்துக்கு அனுப்பிவிட்டு வண்டியை எடுத்தார் தங்கதுரை. சத்திரம் பஸ் ஸ்டாண்டு வந்து சேர்ந்தபோது போனில் ஒரு மெசேஜ் வந்தது. படித்தார். படித்ததையே மறுபடி படித்தார்.

“என்னவாம்?” என்றார் வைத்தியலிங்கம். 

“எங்க வண்டியை நிறுத்திட்டுப் பாடினீங்கன்னு கேக்குறா சார்.”

தங்கதுரை மூக்கை உறிஞ்சிக்கொண்டு, “இன்னொரு சவாரி இருக்கு” என்றார். சவாரி இருந்ததோ என்னவோ. கிளம்பிவிட்டார்.

குருவும் சீடரும் பஸ் ஸ்டாண்டு வாசலில் நின்றார்கள். இறங்கியாயிற்றே தவிர, அங்கே அவர்களுக்கு ஒரு வேலையும் இல்லை. எதிரே கரும்பு ஜூஸ்காரர் மணியை ஆட்டிக்கொண்டிருந்தார்.

“டீச்சர்.”

“சொல்லுங்க சார்.”

“இருபத்து மூணுல ஒண்ணுதான் நிஜமான தப்பு.”

“ம்.”

“எழுதும்போதே அது எதுன்னு தெரிஞ்சிருந்தா அதை மட்டும் சொல்லியிருப்பேன். இவ்வளவு தூரம் வந்திருக்காது. இத்தனை கேட்டும் எனக்குத் தெரியலையே. அதை எப்படி டீச்சர் கண்டுபிடிக்கிறது?”

ஜெசிந்தா அவர் கையிலிருந்த நோட்டைக் காட்டினார்.

“மூணு பக்கம் எழுதியிருக்கீங்க. அதுல எங்கயாவது தங்கதுரையை ஒரு கேள்வி கேட்டிருக்கீங்களான்னு பாருங்க சார்.”