எறும்பின் எட்டாயிரம் அடி

கல்லாங்காட்டில் ஓர் ஆமை பாறைமேல் ஏறப் போய், வழுக்கி மல்லாக்க விழுந்துவிட்டது. நாலு காலும் ஆகாயத்தில்! சித்திரை வெயில் வேறு. உச்சிப்பொழுதுக்குள் யாராவது புரட்டிப் போடாவிட்டால், பாவம், ஓட்டுக்குள்ளேயே வெந்துவிடும்.

தேனீயும் பருந்தும் எறும்பும் அதைப் பார்த்தன. புற்றுக்குப் பக்கத்தில் படுத்திருந்த கரடியிடம் வந்து சொன்னன. கல்லோ ஆமையோ, புரட்டுவதில் கரடியை மிஞ்ச ஆளில்லை.

அந்தக் காட்டில் ஒரு வழக்கம். பார்த்தவர் இடத்தை வாயால் சொல்வார். கூடப் போய்க் காட்டமாட்டார். காட்டினால் அவர் சொல்லுக்கு மரியாதை போய்விடுமாம். மானஸ்தர்கள்!

"சூரியனை நேராப் பார்த்து நட!" என்றது தேனீ.

அது சொன்னது காலையில், தன் கூட்டிலிருந்து பார்த்த சூரியன். கரடி இப்போதைய சூரியனைப் பார்த்து நடந்து முட்புதரில் விழுந்தது.

"என்னைக் கேள். தெற்கே நாலே சிறகடி!" என்றது பருந்து.

தன் கூட்டிலிருந்து என்று அது சொல்லவே இல்லை. கரடிக்குச் சிறகும் இல்லை. நாலு அடி வைத்து வெறும் மண்ணைப் பார்த்துவிட்டுத் திரும்பியது.

"நான் பிசகாமல் எண்ணியிருக்கேன். இந்தப் புற்றிலிருந்து எட்டாயிரம் அடி!" என்றது எறும்பு.

எந்தப் பக்கம், யாருடைய அடி என்று அது சொல்லவில்லை. தன் அடியாக ஆயிரம் எண்ணுவதற்குள் கரடி ஓடைக்குள் நின்றது. நனைந்துபோய் வந்து பார்த்தால், மூன்றும் ஒன்றையொன்று பிராண்டாத குறையாகச் சண்டை போட்டுக்கொண்டிருந்தன.

விஷயம் கேள்விப்பட்டு ஆமையின் மனைவி அப்போதுதான் வந்து சேர்ந்தாள். மூன்றின் கணக்கும் அந்தச் சண்டையிலேயே அவள் காதில் விழுந்தது.

"என் வீட்டுக்காரர் அங்கே வேகிறார். நீங்க இங்கே பஞ்சாயத்தா பண்றீங்க?" என்று அழுதாள். "கரடியண்ணே, புற்றுப் பக்கத்துல ஒரு அடி எடுத்து வைங்க. எறும்பே, அதை நடந்து எண்ணு!"

"இருநூறு!" என்றது எறும்பு.

"அப்போ உன் எட்டாயிரம், அண்ணனுக்கு நாற்பது. பருந்தே, உன் கூட்டை விடு! இந்தப் புற்றுக்கு நேர்மேலே நின்னு பார். எந்தப் பக்கம்?"

பருந்து மேலே போய்ப் பார்த்தது. "மேற்கே!"

"என் கூட்டிலிருந்து பார்த்தா நான் சொன்னதும் சரிதான். சூரியன்தான் நகர்ந்துடுச்சு" என்று தேனீ முனகியது.

கரடி மேற்கே நாற்பது அடி ஓடியது. ஒரு பெரிய பாறைக்குப் பின்னால் ஆமை கண் செருகிக் கிடந்தது. ஒரே புரட்டு! மனைவி ஓடையிலிருந்து வாயில் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றினாள். ஆமை மெல்லக் கண் திறந்தது.

"காலையிலிருந்து நீங்க பேசினது ஒரு வார்த்தை விடாமல் கேட்டுச்சு. 'இங்கேதான் இருக்கேன்'னு நானும் கத்தினேன். உங்க சண்டையில யார் காதிலும் விழல" என்றது.

மூன்றும் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டன.

எங்கிருந்து அளந்தோம், எதைக்கொண்டு அளந்தோம் என்று சொல்லாமல் 'என் கணக்கே சரி' என்று அடம்பிடித்தால், சரியான கணக்கும் யாருக்கும் உதவாது.