தூவி நின்ற விதம்

“பாவம் அந்த அம்மாக்காரி! பெத்தது ஒண்ணே ஒண்ணு. அதுவும் காத்துல சிக்குன கோரைப்புல்லு மாதிரி ஆடிக்கிட்டே கெடக்கு!”

புதருக்குள் இரண்டு நீர்க்கோழிகள் பேசிக்கொண்டிருந்தன. புதருக்கு மறுபக்கம் நெடுங்காலி என்ற வெண்கொக்கு நிற்பது அவற்றுக்குத் தெரியாது.

நெடுங்காலி நிமிர்ந்து பார்த்தாள். ஏரியின் ஆழமில்லாத பகுதியில் அவள் மகள் தூவி நின்றுகொண்டிருந்தாள். நின்றாள் என்று சொல்ல முடியாது. ஆடிக்கொண்டிருந்தாள்.

இடது பக்கம், வலது பக்கம். இடது பக்கம், வலது பக்கம். நடுவில் இறக்கை நுனிகளைப் படபடவென்று உதறுவாள். பிறகு மறுபடியும் இடது, வலது.

முட்டையை உடைத்து வெளியே வந்த நாளிலிருந்தே தூவி அப்படித்தான். கூட்டில் ஆடினாள். கருவேலங்கிளையில் ஆடினாள். சந்தோஷம் வந்தால் வேகமாக ஆடுவாள். பயம் வந்தால் அதைவிட வேகமாக ஆடுவாள். ஒன்றுமே இல்லாத வேளைகளில் மெதுவாக, வெகு மெதுவாக ஆடுவாள். அப்போது அவள் கண் தண்ணீரைப் பார்க்கும். மனம் தண்ணீருக்கு அடியில் போய்விடும்.

அங்கே அவளுக்கு ஓர் ஊர் இருந்தது. மீசை வைத்த கெளுத்தி அந்த ஊரின் காவல்காரர். கெண்டை வீட்டில் எப்போது பார்த்தாலும் கல்யாணம். பள்ளிக்கூடம் விட்டதும் அயிரைக் குஞ்சுகள் ஒரே கூட்டமாகத் தெருவை அடைத்துக்கொண்டு வரும்.

அவள் வயதுக் கொக்கான பஞ்சுவிடம் மட்டும் தூவி அந்த ஊர்க்கதையைச் சொல்லியிருந்தாள்.

ஒருநாள் அவள் ஒரு கெண்டையைக் கொத்தி விழுங்குவதைப் பார்த்துப் பஞ்சு கேட்டான்:

“ஏய் தூவி! உன் ஊர்க்காரனையே தின்னுட்டியே, வெக்கமா இல்ல?”

“அவன் கல்யாணப் பந்தியில ரெண்டு தடவை உக்காந்தவன்டா! தின்னா தப்பில்ல!” என்றாள் தூவி.

மழைக்காலம் முழுவதும் ஏரி நிறைந்திருந்தது. எங்கே நின்றாலும் மீன். யார் எப்படி நின்றார்கள் என்று யாரும் கவலைப்படவில்லை.

பங்குனி வெயில் ஏறியது. ஏரி நாளுக்கு நாள் சுருங்கியது. கடைசியில் மதகை ஒட்டிய பள்ளத்தில் மட்டுமே தண்ணீர் மிஞ்சியது. ஏரியிலிருந்த மீன் எல்லாம் அந்தப் பள்ளத்தில் வந்து சேர்ந்தது.

பள்ளத்தின் ஓரம் குறுகலானது. ஒரு கொக்குக்கு ஓரடி இடம்தான். இடம் கிடைக்காத கொக்குகள் மலைக்கு அந்தப் பக்கம் வேறு நீர் தேடிப் பறக்க வேண்டும். அப்படிப் பறந்த இளங்கொக்குகள் திரும்பி வந்ததை யாரும் பார்த்ததில்லை.

யாருக்கு இடம் என்பதைக் கொக்குகளின் தலைவர் கூர்மூக்கர் முடிவு செய்வார். அதற்கு ஒரு பரீட்சை உண்டு. அதன் பெயர் ‘நிலை’. கருவேல மரத்தின் நிழல் விழும் இடத்தில் ஒற்றைக்காலில் நிற்க வேண்டும். நிழல் விலகிப் போகும்வரை அசையக் கூடாது. காலைச் சுற்றி ஓர் அலைகூட எழக் கூடாது. நின்று காட்டிய இளங்கொக்குக்குப் பள்ளத்தில் இடம்.

நெடுங்காலி அன்றே மகளைப் பழக்கத் தொடங்கினாள்.

“ஆடாதடி! எல்லாரும் பாக்குறாங்க!”

“பாக்கட்டும்மா. ஆடுனாத்தான் எனக்குக் கண்ணு தெளியுது.”

“அதெல்லாம் வெறும் பழக்கம். விடணும்னு நெனச்சா விட்டுப் போயிடும். உன்னை ஒரு மரக்கட்டைன்னு நெனச்சுக்க.”

தூவி தன்னை மரக்கட்டை என்று நினைத்துக்கொண்டாள். ஆட்டம் நின்றது. நின்ற அந்தக் கணமே எல்லாம் சேர்ந்து அவள்மேல் வந்து விழுந்தது. தவளைகளின் இரைச்சல், தண்ணீரில் தெறிக்கும் வெயில், சேற்றின் நாற்றம், காலில் உரசும் புல். ஒன்றைத் தள்ளினால் இன்னொன்று வந்தது. அதைத் தள்ளினால் முதலாவது திரும்பி வந்தது.

“அப்படித்தான்! அப்படியே நில்லு, என் தங்கமே!” என்றாள் அம்மா.

அம்மாவின் முகத்தில் அவ்வளவு சந்தோஷத்தைத் தூவி பார்த்ததே இல்லை. அதற்காகவே நின்றாள்.

பரீட்சை நாளிலும் நின்றாள். நிழல் ஊர்ந்து ஊர்ந்து விலகியது. ஓர் அலைகூட எழவில்லை.

“பிரமாதம்! கல்லுல செதுக்குன மாதிரி நிக்குறா! எனக்குப் பக்கத்து இடத்தை இந்தப் பொண்ணுக்குக் குடுங்க!” என்றார் கூர்மூக்கர்.

ஒரு பக்கம் கூர்மூக்கர், மறுபக்கம் பஞ்சு. நடுவில் தூவிக்கு ஓரடி இடம். நெடுங்காலி அன்று கழுத்தை வளைக்கவே இல்லை. அவ்வளவு நிமிர்ந்து நடந்தாள்.

மறுநாள் காலை எல்லாக் கொக்குகளும் மீன் பிடித்தன. தூவி பிடிக்கவில்லை. அடுத்த நாளும் பிடிக்கவில்லை.

“அடியே! உன் காலுக்கு நடுவுல போனது விரால்! எவ்வளவு பெரிசு! கண்ணு தெரியலையா உனக்கு?” என்று கத்தினான் பஞ்சு.

“தெரிஞ்சுது.”

“அப்புறம் ஏன் கொத்தல?”

“நான் நின்னுக்கிட்டிருந்தேன்” என்றாள் தூவி.

பஞ்சு விழுந்து விழுந்து சிரித்தான். “நாங்க மட்டும் என்ன, படுத்துக்கிட்டா இருக்கோம்?”

தூவி சிரிக்கவில்லை. மற்றவர்களுக்கு நிற்பது தானாக நடந்தது. அவளுக்கோ அதுவே ஒரு முழு வேலை. அந்த வேலையை முடித்துவிட்டு மீனைப் பார்க்க அவளிடம் எதுவும் மிஞ்சவில்லை.

அவள் மெலிந்தாள். இறகு மங்கியது. அம்மா கொண்டு வந்து கொடுத்ததையும் பாதிதான் தின்றாள்.

ஒருநாள் மாலை கூர்மூக்கர் நெடுங்காலியைக் கூப்பிட்டார்.

“உன் பொண்ணு நல்லா நிக்குறா. அதுல குத்தம் சொல்ல முடியாது. ஆனா மீன் பிடிக்கத் தெரியாத கொக்குக்கு எதுக்கு இந்த இடம்? நாளைக்கும் அவ மீன் பிடிக்கலைன்னா மலைக்கு அந்தப் பக்கம் கெளம்பட்டும்.”

“அவளுக்கு மீன் பிடிக்கத் தெரியுமுங்க! மழைக்காலம் பூரா பிடிச்சாளே!”

“அப்போ இப்ப என்ன கேடு?”

நெடுங்காலி மகளிடம் போனாள். பக்கத்தில் நின்றாள். என்ன பேசுவது என்று தெரியாமல், இதுவரை ஒருநாளும் கேட்காத ஒன்றைக் கேட்டாள்.

“உன் மீன் ஊர்ல என்னடி விசேஷம்?”

தூவி ஆச்சரியத்தோடு அம்மாவைப் பார்த்தாள். “உனக்கு எப்படித் தெரியும்?”

“பஞ்சு சொன்னான். கெண்டை வீட்டுல ஓயாம கல்யாணமாமே?”

“இப்ப ஒண்ணும் இல்லம்மா. ஊரே இருட்டிப் போச்சு. கெளுத்தியாரைக்கூடக் காணோம்.”

“ஏன்?”

“நிக்குறதுக்கே என் தலை பூராவும் போயிடுதும்மா. அங்கே போக வழியே தெரியல.”

நெடுங்காலி மெலிந்துபோன மகளின் கழுத்தைப் பார்த்தாள். அசையாமல் ஊன்றியிருந்த அந்தக் காலைப் பார்த்தாள். அது விடாமல் நடுங்கிக்கொண்டிருந்தது. வெளியே தெரியாத நடுக்கம். பெற்றவளுக்கு மட்டும் தெரியும் நடுக்கம்.

“நாளைக்குக் காலைல நீ ஆடு” என்றாள்.

“எல்லாரும் பாப்பாங்களே?”

“பாக்கட்டும்!”

பொழுது விடிந்தது. கொக்குகள் பள்ளத்தின் ஓரம் வரிசையாக நின்றன. தூவி கண்ணை ஒரு முறை மூடித் திறந்தாள். பிறகு ஆடத் தொடங்கினாள்.

இடது பக்கம், வலது பக்கம். இடது பக்கம், வலது பக்கம்.

“என்ன இது! நிலை கெட்டுப் போச்சு!” என்று அலறினார் கூர்மூக்கர்.

தூவிக்கு அது காதில் விழவில்லை. தவளைகளின் இரைச்சல் மெல்லத் தூரம் போனது. வெயில் தண்ணீரைவிட்டு எழுந்து தன் இடத்துக்குப் போனது. தண்ணீர் தெளிந்தது. அடியில் ஊர் தெரிந்தது. தெருவில் அயிரைகள் ஓடின. கெளுத்தியார் மீசையைத் தடவினார். மூலைவீட்டு விரால் மெதுவாக வெளியே வந்து எட்டிப் பார்த்தது.

சரக்கென்று கழுத்து இறங்கியது. நிமிர்ந்தபோது அலகில் விரால் துள்ளியது!

வரிசையில் நின்ற கழுத்துகள் எல்லாம் அவள் பக்கம் திரும்பின.

தூவி விழுங்கி முடித்தாள். தொண்டை அடங்கக் காத்திருந்தாள். பிறகு கூர்மூக்கர் பக்கம் திரும்பினாள். ஆட்டத்தை மட்டும் நிறுத்தவில்லை.

“மாமா, ஒண்ணு கேக்கட்டுமா? நாம நிக்குறது மீன் பிடிக்கவா, இல்ல நிக்குறதுக்கேவா?”

கூர்மூக்கர் அலகைத் திறந்தார். மூடினார். மறுபடி திறந்தார்.

ஆனால் கொக்குகள் கொக்குகள்தானே! அடுத்த நாள் காலையில் ஒரு வேடிக்கை நடந்தது. பள்ளத்துக்கு வந்த தூவி திகைத்துப்போனாள். வரிசை முழுவதும் ஆடிக்கொண்டிருந்தது!

“இடது! வலது! இறக்கையை உதறு! அதுலதான் சூட்சுமம் இருக்கு!” என்று கூர்மூக்கரே முன்னால் நின்று சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார்.

ஆட்டம் பழகாத கால்கள் சேற்றைக் கலக்கின. தண்ணீர் காப்பி நிறத்துக்கு மாறியது. மீன்கள் எல்லாம் மதகின் கல்லிடுக்கில் போய் ஒளிந்துகொண்டன. ஒருவர் இறக்கை இன்னொருவர் கண்ணில் குத்தியது. வலது பக்கம் சாய்ந்த கூர்மூக்கர் நிமிர முடியாமல் தொப்பென்று பள்ளத்தில் விழுந்தார்.

தூவி சிரித்தாள். அடக்கப் பார்த்தும் முடியவில்லை.

“ஏன் மாமா இந்த வம்பு? உங்களுக்கு அசையாம நிக்க வருது. எவ்வளவு அழகா நிப்பீங்க! அப்படியே நில்லுங்களேன்!”

சேறு வழியும் முகத்தோடு கூர்மூக்கர் எழுந்தார். “நீதானே ஆடி விரால் பிடிச்சே! அந்த வித்தையைத்தான் நாங்க கத்துக்குறோம்.”

“அது வித்தை இல்ல மாமா” என்றாள் தூவி. “நான் அப்படித்தான்.”

மெலிந்த உடம்புதான். ஆனால் அதைச் சொல்லும்போது அவள் நெஞ்சை நிமிர்த்திச் சொன்னாள். பஞ்சுவுக்குச் சிலிர்த்துப் போனது.

சேறு அடங்கியது. தண்ணீர் தெளிந்தது. எல்லாரும் அவரவர் இடத்தில் அவரவர் பழக்கப்படி நின்றார்கள். தூவி ஆடினாள்.

“ஐயோ! நேத்துப் பொறுத்துக்கிட்டேன், இன்னைக்கும் விலாவுல இடிக்குறா!” என்று கத்தினான் பஞ்சு. “கோபம் இல்ல தூவி, ஆனா நெசமாவே வலிக்குது!”

அப்போதுதான் எல்லாருக்கும் அது உறைத்தது. அந்த இடம் அசையாமல் நிற்கும் கொக்குக்கு அளந்தது. ஓரடிக்குள் எப்படி ஆடுவது?

வரிசையின் கடைசியில் ஒரு கிழக்கொக்கு முணுமுணுத்தது. “ஓரடிக்குள்ள நிக்க முடியாதவ மலைக்கு அந்தப் பக்கமே போகலாமே! ஒருத்திக்காக எல்லாரும் நகர முடியுமா?”

தூவியின் ஆட்டம் வேகமானது. அது சந்தோஷத்தின் வேகம் அல்ல என்பது நெடுங்காலிக்குத் தெரிந்தது. அவள் வரிசையைவிட்டு வெளியே வந்து எல்லாருக்கும் முன்னால் நின்றாள்.

“இவ என் பொண்ணு! இவளை மரக்கட்டையா நிக்கச் சொன்னது நான்தான். நின்னா. நல்லாத்தான் நின்னா. கண் முன்னால மீன் ஓட ஓடப் பட்டினி கெடந்தா! ஒருத்தர் நிக்குற விதத்தை எல்லாருக்கும் சட்டமாக்கினா, சட்டம் நிக்கும், பிள்ளை பட்டினி கெடக்கும்!”

எல்லாரும் கூர்மூக்கரைப் பார்த்தார்கள்.

கூர்மூக்கர் தூவியைப் பார்த்தார். தன் காலடியில் இருந்த ஆழமான, மீன் மிகுந்த இடத்தைப் பார்த்தார். இத்தனை வருடமும் அவர் அசையாமல் நின்ற இடம் அது.

மெல்ல ஒரு காலைத் தூக்கினார். தூவிக்கு இடம் விட்டு ஓரடி தள்ளி ஊன்றினார்.